மேற்கே கறி, கிழக்கே பீலி

ஒரு சுறாவிடமிருந்து பீலி (துடுப்பு) வியாபாரி எடுத்துக்கொள்வது நாலே துண்டு. முதுகில் நிமிர்ந்து நிற்கும் முதல் பீலி ஒன்று, நெஞ்சுக்கு இரு பக்கமும் விரிந்து கிடப்பவை இரண்டு, வாலின் கீழ்மடல் ஒன்று. நாலும் சேர்ந்தால் ஒரு செட். சுறாவின் எடையில் இவை பெரும்பாலும் இருபதில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. வெயிலில் காய்ந்த பிறகு அதிலும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். இந்தக் கைப்பிடி எடைதான் கடல் தாண்டிப் போனது. மிச்ச உடம்பெல்லாம் உள்நாட்டிலேயே விலைபோனது, இன்றும் போகிறது.

சுறாவுக்கு எலும்பு கிடையாது, உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான். பீலிக்குள் அந்தக் குருத்தெலும்பின் இரு பக்கமும் கண்ணாடி நிறத்தில் மெல்லிய இழைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். தண்ணீரில் பீலி விறைப்பாக நிற்பது இவற்றால்தான். கொலாஜன் வகையைச் சேர்ந்த புரதம் அது. சீன விருந்துகளில் கிண்ணத்தில் மிதப்பது இந்த இழை மட்டுமே. அதற்கென்று தனி ருசி இல்லை. கோழியும் பன்றித்தொடையும் மணிக்கணக்கில் கொதித்த சாறுதான் சூப்புக்கு ருசி தருகிறது. இழையின் வேலை வாயில் வழுக்குவதும், விருந்து வைத்தவரின் வசதியைக் காட்டுவதும். ஒரு மீனை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோகப் பசிகூடத் தேவையில்லை, கௌரவம் போதும் போல.

நான் இருப்பது கடல் இல்லாத கோரமண்டலில். வங்கக் கடலோரத்துக்கு உள்ள அதே பெயர்தான் கோலார் தங்கவயலில் எங்கள் பகுதிக்கும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதையில் ஊரிகத்துக்கு முன்னால் இந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் விடியற்காலையில் இங்கே ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள். இங்கு கடல் எங்களைத் தேடி வந்தது கருவாடாக. நெத்திலி, வாளை, சுறா.

ஆண்டர்சன்பேட்டை சந்தையில் சுறாக் கருவாட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். நெத்திலிபோல் அதற்குத் தலையும் வாலும் இருக்காது. விரல் தடிமனில் நீளவாக்கில் கீறிய பட்டைகள், மேலே உப்புப் பூத்த வெள்ளை, ஒரு பக்கம் மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான தோல். மூக்கருகே கொண்டுபோனால் லேசாக நவச்சார வாடை. சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்ளும் பிராணி. செத்தபின் அது அம்மோனியாவாகும். வெந்நீரில் இரண்டு தரம் அலசி, கத்தரிக்காயும் புளியும் சேர்த்துக் குழம்பு வைத்தால் வாடை போய்விடும். கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பை நான் சாப்பிட்டதில்லை.

"அக்கா, இது எந்தச் சுறா?" என்று கேட்டால், "சுறான்னா சுறாதாம்பா. இதுல இன்னா வகை பாக்கறது?" என்பார் விற்கிற அம்மாள். அவர் சொல்வது சரி. கீறிக் காய்ந்த பட்டையை வைத்துக்கொண்டு அது பால் சுறாவா, கொம்பன் சுறாக் குட்டியா என்று மரபணுச் சோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. தலையும் பீலியும் கடற்கரையிலேயே கழன்றுவிட்டன. அடையாளம் போன இடம் அதுதான்.

சென்னை காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். தங்குகடல் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பும் விசைப்படகின் ஐஸ் அறையிலிருந்து மீன் மேலே வரும். சுறா தரையில் வரிசையாகக் கிடத்தப்படும். ஏற்றுமதி நடந்த நாட்களில் முழு மீனை ஏலம் எடுப்பவர் ஒருவர், பீலிக்கு விலை பேசுபவர் இன்னொருவர். கத்தி வைக்கும் கோணத்திலேயே காசு இருந்தது. அடியில் கறி ஒட்டிக்கொண்டு வந்தால் எடை கூடும், ஆனால் கறி அழுகிப் பீலியையும் கெடுக்கும்; அதனால் பிறை வடிவில் சுத்தமாக அரிந்தெடுத்த துண்டுக்குத்தான் நல்ல விலை. பிறகு உப்புத் தடவிச் சில நாள் வெயிலில் போடுவார்கள். பீலியிலும் வெள்ளை, கறுப்பு என்று தரம் உண்டு. கடலடி மணலில் படுத்துக் கிடக்கும் உழுவை மீனின் பீலி வெள்ளை ரகம், விலையில் அதுவே உச்சி. பார்த்தால் பாதி சுறா, பாதி திருக்கை மாதிரி இருக்கும் அந்த அப்பாவி மீனின் இனத்தில் பலவும் இன்று உலகிலேயே மிக மோசமான அபாயத்தில் உள்ள கடல்மீன்களில் சேர்கின்றன.

சுறாவுக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு சூப்பில் தொடங்கியதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டுக் கடல் தெய்வத்தை வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இரு பக்கமும் பல் வைத்த அந்த நீண்ட கொம்பு வேளா மீனுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதே கடற்கரையில் இன்று வேளா வலையில் விழுந்தால் செய்தி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதக் 'கடல்கட்டி' என்று ஓர் ஆள் இருந்தார். அவர் கரையில் இல்லாவிட்டால் குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். அதனால் மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத வெள்ளைக்கார அரசும் அவருக்குச் சிப்பியில் பங்கு கொடுத்து வைத்திருந்தது.

சுறாவைக் கணக்குப் போட்டு வேட்டையாடும் பழக்கத்துக்கு ஒரு பெரிய உந்துதல் இரண்டாம் உலகப் போரில் வந்தது. நார்வேயிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றுபோக, வைட்டமின் ஏ தேடிய சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூர் அரசும் சுறா ஈரலில் எண்ணெய் எடுக்க ஆலை வைத்தன. செயற்கை வைட்டமின் வந்ததும் அந்த மவுசு குறைந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே இழுவை மடியும் டீசல் எஞ்சினும் வந்துவிட்டன. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கி தொங்கும் தூண்டிலோடு ஆழ்கடல் சுறாவைத் தேடிப் போவதில் பேர்போனவர்கள். கொச்சியைத் தளமாக வைத்துக்கொண்டு அரபிக்கடலின் நடுவரை போனார்கள். இந்தியா உலகின் பெரிய சுறாப் பிடி நாடுகளில் ஒன்றானது. நாட்டின் சுறா, திருக்கைப் பாடு 1998இல் சுமார் 75,000 டன்னைத் தொட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. படகும் வலையும் பெருகிய காலத்தில் பாடு குறைந்தால் அதற்கு என்ன பொருள் என்று மீனவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கும் அது புரியும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கிய புதிதில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்த இடங்கள் இருந்தன. கடைசியில் மூன்று கிராம் தேறுவதே பாடாகிவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் குட்டி போடாது, எடுத்தால் தீரும், அதில் வழக்கில்லை. சுறா குட்டி போடும். ஆனால் அது போடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். மத்தி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போகும். சிறிய பால் சுறாவோ ஏறக்குறைய ஓராண்டு சுமந்து சில குட்டிகளைத்தான் ஈனும். கொம்பன் சுறா பருவத்துக்கு வரவே பத்தாண்டுக்கு மேலாகலாம். அதன் குட்டிகள் வளர்வது கரையோர ஆழமில்லாத் தண்ணீரில், அதாவது இழுவை மடி சுற்றும் இடத்தில். பக்கவாட்டில் நீண்ட தலை இருப்பதால் எந்த வலைக் கண்ணிலும் சிக்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட பிராணியை நாம் பாறையை வெட்டுவதுபோல வெட்டினோம்.

சுரங்கம் மூடிய அதே 2001இல்தான் சட்டம் சுறா பக்கம் திரும்பியது. குஜராத்தின் வேராவல் கரையில் திமிங்கலச் சுறாவைக் குத்திக் கொல்வதை மைக் பாண்டேயின் ஆவணப்படம் ஊருக்குக் காட்டியிருந்தது. மே மாதம் அந்தச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அது. ஜூலையில் அரசு ஒரே வீச்சில் எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் அந்த அட்டவணையில் சேர்த்தது. தூத்தூர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், பிழைப்பே குற்றமாகிவிட்டால் யார்தான் சும்மா இருப்பார்? டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. வேளா வகைகள், கங்கைச் சுறா, திமிங்கலச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா அதில் இருந்தன. கடைசியாகச் சொன்னது நம் கரையின் பெயரையே தாங்கியது, 1839இல் அறிவியலில் பதிவானது. 1979க்குப் பிறகு உறுதியான மாதிரி ஒன்றுகூடக் கிடைக்காத அந்த மீனைச் சட்டம் காப்பாற்றுகிறது.

2013 ஆகஸ்டில் அடுத்த விதி வந்தது. கடலில் பீலியை மட்டும் அரிந்துகொண்டு உடம்பைத் திரும்ப எறியக் கூடாது, உடம்போடு ஒட்டிய பீலியாகவே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது சுற்றுச்சூழல் அமைச்சகம். பசிபிக், அட்லாண்டிக் படகுகளின் கொடுமையை நிறுத்தப் பிறந்த விதி இது. நம் ஊரில் பொதுவாகச் சுறாவை முழுசாகவே கரைக்குக் கொண்டுவருகிறோம். ஏனென்றால் கறி விலைபோகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டு கிளறாத கடற்கரை வீடு உண்டா? 2015 பிப்ரவரியில் எல்லா வகைச் சுறாப் பீலியின் ஏற்றுமதிக்கும் முழுத் தடை வந்தது. அதுவரை சரக்குச் சீட்டோடு கப்பலேறிய பீலி அன்றிலிருந்து கள்ளச்சரக்கு.

தடைக்குப் பின் பீலியின் பயணம் நிற்கவில்லை, வழி மாறியது. 2018 செப்டம்பரில் வருவாய்ப் புலனாய்வுத் துறை மும்பையிலும் வேராவலிலும் சுமார் 8,000 கிலோ பீலியைப் பிடித்தது. வேறு உலர்மீன் சரக்கு என்று எழுதிச் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பத் தயாராக இருந்தது அது. 2010 முதல் 2022 வரை இந்தியாவில் பிடிபட்ட சுறாப் பொருட்களை, வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பும் உலக இயற்கை நிதியமும் கணக்கெடுத்தன. சுமார் 16,000 கிலோ, பெரும்பகுதி பீலி. பிடிபட்ட சம்பவங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாட்டில். சென்னை விமான நிலையத்தில் பயணியின் பெட்டியிலும், ராமநாதபுரக் கரையிலிருந்து இலங்கை நோக்கிப் போகும் படகிலும் பீலி இருந்தது. பட்டியலில் தமிழ்நாட்டுக்குப் பின்னால் வந்த மாநிலங்களில் எங்கள் கர்நாடகமும் ஒன்று. பிடிபட்டது இவ்வளவு என்றால் தப்பிப் போனது எவ்வளவு என்ற கணக்கைக் கள்ளச்சந்தையில் யாரும் எழுதி வைப்பதில்லை.

தப்பிய பீலி இறங்கும் இடங்களில் முக்கியமானது ஹாங்காங். அங்கே சாய் யிங் புன், ஷோங் வான் பகுதியில் உலர்ந்த கடல்சரக்குக் கடைகள் தெரு முழுக்க உண்டு. கண்ணாடி ஜாடிகளில் பீலி தரவாரியாக நிற்கும். கடைக்கு வருமுன் அதற்கு இன்னொரு பிறவி. ஊறவைத்து, வெந்நீரில் போட்டு மேல்தோலைச் சுரண்டி, குருத்தெலும்பை உருவி, நிறம் வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி எடுக்கிறார்கள். கடைசியில் எஞ்சுவது அந்த இழைக் கற்றை. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஹாங்காங் சந்தையின் பீலித் துணுக்குகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 76 இனங்களை அடையாளம் கண்டது. மூன்றில் ஒரு பங்கு இனங்கள் அழிவு அபாயத்தில் இருந்தன. ஆண்டர்சன்பேட்டைப் பட்டையைப் போலவே அந்த ஜாடிக்கும் முகம் கிடையாது.

இவ்வளவுக்கும் சூப்பின் மவுசு இறங்கத் தொடங்கிவிட்டது. யாவ் மிங் என்ற கூடைப்பந்து வீரர் விளம்பரத்தில் வந்து சூப்புக் கிண்ணத்தை விலக்கினார். 2013இல் சீன அரசு தன் விருந்துகளில் அதைப் பரிமாறுவதை நிறுத்தியது. 2016இல் கேத்தே பசிபிக் விமான நிறுவனம் பீலிச் சரக்கை ஏற்ற மறுத்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் 2013இல் கொம்பன் சுறா இனங்கள் ஏறின. 2019இல் உழுவை இனங்கள். 2022 நவம்பரில் பனாமா நகரில் கூடியபோது நம் சந்தைச் சுறாக்களில் பெரும்பாலானவை அடங்கும் குடும்பமே ஏறியது. அதே 2022இல் இந்திய வனவிலங்குச் சட்டத் திருத்தமும் பட்டியலை நீட்டியது. பீலியைப் பொறுத்தவரை கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன.

அப்படியானால் சுறா பிழைத்துக்கொள்ள வேண்டுமே? 2024இல் சயன்ஸ் இதழில் வந்த கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பீலி அரிவதற்கு எதிரான சட்டங்கள் பல மடங்கு பெருகிய 2012க்கும் 2019க்கும் இடையில், மீன்பிடியில் சாகும் சுறாக்கள் ஆண்டுக்கு 7.6 கோடியிலிருந்து 8 கோடியாகக் கூடியிருந்தன. முழு உடம்போடு கரைக்குக் கொண்டுவா என்றதும் கறிக்குச் சந்தை வளர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். இந்தியாவில் இது இன்னும் வெளிப்படை. 2020இல் வந்த ஓர் இந்திய ஆய்வு, நம் கடலில் சுறா குறைவதற்கு உள்ளூர்க் கறித் தேவையைத்தான் முதன்மையாகச் சுட்டியது. அந்தத் தேவையும் ஒரு மீட்டருக்குக் குறைந்த சின்னச் சுறாவுக்கு, அதில் பிஞ்சும் அடக்கம்.

சுரங்கம் ஓடிய நாளில் ஷிஃப்ட் முடிந்து மேலே வருபவர்களைக் கேட்டில் நிறுத்தி உடம்பெல்லாம் தடவிச் சோதிப்பார்கள். தங்கத் துணுக்கு வெளியே போகக் கூடாது. அந்தச் சோதனையால் கீழே வெட்டுவது ஒரு கிராம்கூடக் குறைந்ததில்லை. 2015இன் ஏற்றுமதித் தடையும் எனக்கு அந்தக் கேட்டாகத்தான் தெரிகிறது. தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. உழுவைக்கும் பெரிய கொம்பனுக்கும் கறியைவிடப் பீலிதான் விலை, அந்த விலை இருந்தவரை தேடிப்போய்ப் பிடித்தார்கள். ஆனால் காசிமேட்டில் கூடை கூடையாகக் கொட்டும் முழ நீளச் சுறாக் குட்டிகளை யாரும் பீலிக்காகப் பிடிப்பதில்லை. இறாலுக்குப் போட்ட மடியில் அவை வந்து விழுகின்றன. கொட்ட மனமில்லாமல் விற்கிறார்கள், எங்களைப்போல உள்நாட்டில் இருப்பவர்கள் வாங்குகிறோம். அவற்றின் பீலி காய்ந்தால் கட்டைவிரல் நகம் அளவுதான் தேறும்.

வேராவலில் இன்னொரு வழியைச் செய்து பார்த்தார்கள். ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு திமிங்கலச் சுறாவைப் பிறந்தவீடு வரும் மகள் என்றார். வனத்துறை, அது சிக்கிய வலையை அறுத்து விடும் மீனவருக்கு வலைக்கு ஈடாகப் பணம் கொடுத்தது. குத்தி இழுத்த அதே கைகள் இதுவரை பல நூறு மீன்களை விடுவித்திருக்கின்றன. ஆனால் அங்கே மீன் ஒரே இனம், உருவம் பேருந்து அளவு, அடையாளம் தவறவே தவறாது. முழ நீளக் குட்டிக்கு அந்த வித்தை செல்லாது, மடிக்குள் அது மூச்சடங்கித்தான் மேலே வருகிறது.

குட்டிக்கு ஆக வேண்டியது அளவுக் கட்டுப்பாடு. கேரளம் மத்திக்குப் பத்து சென்டிமீட்டர், அயிலைக்குப் பதினான்கு என்று குறைந்தபட்ச நீளம் வைத்து, அதற்குக் கீழே பிடித்தால் அபராதம் போடுகிறது. சுறாவுக்கும் இனவாரியாக அப்படி ஒரு அளவு வைக்கலாம். குட்டி வளரும் கரையோரப் பட்டையில் இழுவை மடியைத் தள்ளி நிறுத்தலாம். ஏப்ரல் 15 முதல் அறுபத்தோரு நாள் கிழக்குக் கரை முழுக்க விசைப்படகை நிறுத்திவைக்க அரசால் முடிகிறபோது இதுவும் முடியாததல்ல. தூத்தூர்க்காரர்களையும் கடலோரப் பெண் வியாபாரிகளையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேச வேண்டும். 2001 ஜூலையில் செய்ததுபோல உத்தரவைப் போட்டுவிட்டு டிசம்பரில் பின்வாங்கினால், இரண்டாம் தரம் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். தடைக்கால நிவாரணம்போல மடியைச் சுருட்டி வைக்கும் நாட்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு, ஏலம் நடக்கிற விடியற்காலையில் இறங்குதளத்தில் அளவுகோலோடு நிற்க ஆள் போட வேண்டும். அந்த ஆளுக்குப் பால் சுறாவையும் கொம்பன் குட்டியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், தலையும் பீலியும் உடம்பில் இருக்கும்போதே.